மேசைக்கு வந்த பாட்டில்

"அப்பா இன்னிக்கு ஒரு சொட்டு வாயில வச்சாருன்னா அது ஒன் தலமேலதான் மலரு. ஞாபகம் வச்சிக்க."

கவிநேசன் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தான். காப்பி குடிக்கும்போது சொன்னான். சட்டை மாட்டும்போது சொன்னான். இப்போது வாசலில் நின்று சொன்னான்.

மலர்க்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளை நுரைப்பெட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, அதற்குள் பாட்டில்களைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாத வெயில். அலோர் காஜாவில் காற்று நின்றுபோயிருந்தது. கொட்டக் கொட்ட ஐஸ் கரைந்தது.

மலாக்கா பட்டணத்தில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது அவள் வேலை. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்லி, திறந்து, ஊற்றிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அவள் அந்த வேலையில் சேர்ந்த மாதத்தில்தான் அப்பா கந்தசாமி குடித்துவிட்டு லோங்காங்கில் விழுந்தார். சாக்கடைச் சுவரில் மண்டை இடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

'மகளே ஊத்திக் குடுக்குற வேலைக்குப் போனா, அப்பன் குடிக்காம என்ன பண்ணுவான்?' என்று கோயில் வட்டாரத்தில் பேசினார்கள். பிறகு வீட்டிலும் அதையே பேசினார்கள்.

அப்பாவை முனீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சொல்ல வைத்து, வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினார்கள். மலர்க்கொடி பட்டணத்துப் பக்கம் தெங்கேராவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் தீபாவளிக்கு மட்டும்தான் வந்தாள். வந்தாலும் ஒரு ராத்திரி தங்கமாட்டாள்.

போன வாரம் அப்பாவுக்குப் போன் செய்தாள். கூட்டாளிகளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வரலாமா, மேசையில் ஒயினும் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டாள்.

"கூட்டிட்டு வா" என்றார்.

ஏன் உடனே சரி என்றார் என்று யாரும் யோசிக்கவில்லை. மலர்க்கொடியும் யோசிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"நான் பேசிட்டிருக்கேன்ல" என்றான் கவிநேசன்.

"கேட்டுட்டுதான் இருக்கேன்ண்ணே. ஐஸ் கரையுது."

"வெள்ளிக்கிழம என்னான்னு தெரியும்ல?"

தெரியும். வெள்ளிக்கிழமை கோயில் திருவிழா. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதர் என்று அப்பாவை மேடையில் ஏற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். ஏற்பாடெல்லாம் கவிநேசன். அவன்தான் கோயில் செயலாளர்.

"ஊரே வருது. இந்த நேரத்துல இந்தக் கருமத்தக் கொண்டாந்து வீட்டு மேசைல வைக்கிற."

"அப்பா சரின்னாரு."

"அவரு சரிம்பாரு. நாந்தான அப்பறம் தூக்கணும்!"

அவன் காரைக் கிளப்பினான். சாப்பாட்டு மேசையைப் போர்ச்சில் போட வேண்டும் என்பதால் மைவியை வெளியே எடுத்து, கேட்டுக்கு நேர் எதிரே ரோட்டோரமாக நிறுத்தினான். பின்பக்கம் வீட்டைப் பார்த்தபடி இருந்தது.

*

விஷயம் இதுதான். மலர்க்கொடியும் இரண்டு கூட்டாளிகளும் வெயில் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு முறை, அவரவர் வீட்டில். தினேஷ்வரன் அவளுடைய ஹோட்டலில் சமையல்காரன். சியூ லிங் ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனியில் விற்பனைக்காரி. அவர்கள் வீடுகளில் பலமுறை நடந்துவிட்டது. மலர்க்கொடியின் முறை வரும்போதெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டாள். கடைசியில் சியூ லிங் கேட்டேவிட்டாள், எங்களைக் கூட்டிப்போக வெட்கமா என்று.

அதனால்தான் இந்த மேசை.

விருந்தாளிகள் வந்ததும் முதல் தகராறு டுரியான் பழத்தால் வந்தது. சியூ லிங் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தாள். அம்மா பெரியநாயகி அதைப் பார்த்ததும் சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, இது வேணாம்! டுரியானும் தண்ணியும் ஒண்ணா உள்ள போனா ஆளு காலி!"

"ஆண்ட்டி, ஒயின் கொஞ்சம்தான்" என்றாள் சியூ லிங். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். தேவைப்பட்ட இடத்தில் வராது.

"கொஞ்சமாவது நெறையாவது. எங்க எஸ்டேட்ல ஒருத்தன் இப்பிடித்தான் செத்தான்."

"செத்தவன் குடிச்சது சம்சு, கள்ளச்சாராயம் ஆண்ட்டி" என்றான் தினேஷ்வரன். "அதுக்கு டுரியானே தேவையில்ல."

பெரியநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கூடையைத் தூக்கிப்போய் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் வைத்துவிட்டாள்.

அவள் நல்லபடிதான் சமைத்திருந்தாள். அது மலர்க்கொடிக்கு ஆச்சரியமாக இருந்தது. இறால் சம்பல், ஆட்டுக்கறிப் பிரட்டல், வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி, வெள்ளைச் சோறு. தினேஷ்வரன் வாழையிலையில் சுட்ட பாரி மீன் கொண்டுவந்தான். ஒயின் இருக்கும் மேசைக்கு அம்மா வந்து உட்காரமாட்டாள். ஆனால் பசியோடு யாரையும் அனுப்பவும் மாட்டாள்.

கந்தசாமி மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். டிராக்டர் ஓட்டிய தோள்கள் வற்றிப்போயிருந்தன. சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டில் கயிறு. பழைய ரத்தம் மாதிரி கறுத்துப்போயிருந்தது. அவருக்கு மலர்க்கொடி எலுமிச்சைச் சாற்றில் அசாம் பொய் என்கிற உப்புப் பிளம் போட்டுக் கண்ணாடிக் குவளையில் வைத்திருந்தாள்.

மாமா வீரப்பனும் வந்திருந்தார், அம்மாவின் தம்பி. யாரும் கூப்பிடவில்லை. கவிநேசன் வரச்சொல்லியிருப்பான்.

"என்னா மலரு, ஒரு சோத்துக்கு இத்தன கிளாசு?" என்றார் மாமா. "கழுவுறதுக்கே ஆள் வைக்கணும் போலருக்கே."

"நீங்க கழுவுங்க மாமா. சும்மாதான இருக்கீங்க."

முதலில் வெள்ளை ஒயினைத் திறந்தாள். ரைஸ்லிங், லேசான இனிப்பு. சம்பலின் உறைப்பு நாக்கில் நிற்கும்போது அதைக் குடித்தால் உறைப்பு அடங்கும், ஆனால் போய்விடாது, அடுத்த வாய்க்கு ஆசையை மட்டும் விட்டுவைக்கும். இதை அவள் ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் நூறு முறை சொல்லியிருக்கிறாள். அம்மாவின் சம்பலை வைத்துச் சொன்னதில்லை.

சியூ லிங் ஒரு இறாலைத் தின்று, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினாள்.

"வாஹ்! செடாப் லா! ருசி!"

தினேஷ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். மலர்க்கொடி தானும் ஒரு வாய் குடித்தாள். குளிர்ச்சி தொண்டையில் இறங்கியது. தலைக்கு மேல் தகரக் கூரை சுட்டது. வியர்வை முதுகில் ஓடியது. அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொந்த வீட்டு மேசை, சொந்த அம்மாவின் சமையல், தனக்குத் தெரிந்த தொழில், தனக்குப் பிடித்த ஆட்கள்.

"என்னாம்மா இவ்ளோ கொஞ்சமா ஊத்துற?" என்றார் கந்தசாமி. "கஞ்சத்தனமா?"

"வாசன நிக்க எடம் வேணும்ப்பா. முட்ட ஊத்துனா மூக்குக்கு எடமில்ல."

"நாங்க மூக்கப் பொத்திக்கிட்டுதான் குடிச்சோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சமையலறையில் பாத்திரச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

கவிநேசன் உட்காரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் வீரப்பன் மாமா எழுந்தார்.

"கவி, ஒன் கார் டயர்ல காத்து எறங்குன மாதிரி இருக்குடா."

"அப்பிடியா மாமா? வாங்க பாக்கலாம்."

இரண்டு பேரும் ரோட்டுக்குப் போனார்கள். மைவியின் பின் பொனெட்டு, டிக்கி மூடி, மேலே எழும்பியது. இருவர் முதுகும் குனிந்தன. திரும்பி வரும்போது கையில் ஆளுக்கு ஒரு காகிதக் கப். மாமாவின் கண் சிவந்திருந்தது.

கல்யாணமோ கருமாதியோ இப்படித்தான் நடக்கும். மண்டபத்துக்கு வெளியே வரிசையாகப் பொனெட்டுகள் திறந்திருக்கும். ஆம்பளைகள் போய்ப் போய் வருவார்கள். பொம்பளைகள் பார்க்காத மாதிரி சாம்பார் ஊற்றுவார்கள். மேசைக்கு வராதவரை அது குடி இல்லை.

அடுத்து மலர்க்கொடி சிவப்பு ஒயினை நுரைப்பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"சிவப்ப ஐஸ்ல வைக்கலாமா?" என்றான் தினேஷ்வரன், கிண்டலாக.

"வைக்கக்கூடாதுன்னு சொன்னவன இங்க வந்து உக்காரச் சொல்லு."

அது ஆட்டுக்கறிக்கு. கனமில்லாத சிவப்பு, கொஞ்சம் புளிப்பு. பிரட்டலின் எண்ணெயை வாயிலிருந்து கழுவிவிடும். அவள் ஊற்றும்போது அப்பாவின் கண் கிளாசில் இல்லை, அவள் கையில் இருந்தது. பாட்டில் கழுத்தை ஒரு திருப்பு திருப்பி அவள் நிறுத்தினாள். ஒரு துளிகூட மேசைத்துணியில் விழவில்லை.

ரோட்டில் டயருக்கு மறுபடியும் காற்று இறங்கியிருந்தது. மாமாவும் கவிநேசனும் போய்விட்டிருந்தார்கள்.

"அந்த டயரக் கடைல குடுத்துட்டா நல்லது" என்றான் தினேஷ்வரன்.

கந்தசாமி சிரிக்கவில்லை. அசாம் பொய் குவளையைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் காலியாக இருந்த ஒயின் கிளாசை எடுத்துத் தன் தட்டுக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கும் ஊத்து."

*

மலர்க்கொடிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"ப்பா."

"ஊத்தும்மா. கொஞ்சந்தான். மூக்குக்கு எடம் விட்டு."

கேட்டைத் தள்ளிக்கொண்டு கவிநேசன் வந்தான். கையில் காகிதக் கப். அதைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தான்.

"பாத்தியா? பாத்தியா? நான் சொன்னேனா இல்லியா? இதுக்குத்தான் இந்த வீட்ல வேணாம்னேன். மூணு வருஷம் மலரு! மூணு வருஷம் கட்டிக் காப்பாத்துனத ஒரே நாள்ல..."

"நான் ஊத்த மாட்டேன்" என்றாள் மலர்க்கொடி.

அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அண்ணனை இல்லை.

"ஹோட்டல்ல ஒருத்தருக்கு ஊத்தமாட்டேன்னு சொல்ல எனக்கு உரிம இருக்கு. முன்னாடியே குடிச்சிட்டு வந்தவங்களுக்கு அப்பிடிச் சொல்லியிருக்கேன். ஒங்களுக்கும் அதேதான்ப்பா."

"நான் குடிச்சிட்டு வரலியே" என்றார் கந்தசாமி. "இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கல."

யாரும் மென்று கொண்டிருந்ததை விழுங்கவில்லை.

"என்னாப்பா சொல்றீங்க?"

"அண்ணன் காருக்கு ரெண்டு சாவி. ஒண்ணு ஃபிரிஜ் மேல கெடக்கு."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த ஓர் எலும்பைப் புரட்டிப் போட்டார்.

"ப்பா, நீங்க உள்ள போங்க" என்றான் கவிநேசன்.

அவன் முகத்தில் கோபம் இருந்தது, பயம் இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை. மலர்க்கொடி அதைத்தான் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"அண்ணே, ஒனக்கு இது முன்னாடியே தெரியும்."

"ஏய், வந்தவங்க முன்னாடி என்னா இது, மலு லா, வெக்கம்" என்றார் வீரப்பன் மாமா.

"நீங்க டயரப் பாருங்க மாமா!"

அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஊற்றுவது போலவே நின்றாள்.

கவிநேசன் குரலைத் தாழ்த்தினான். "என் பாட்டில் கொறையும். அப்பறம் பாத்தா கொறையாம இருக்கும். தே ஓ கலந்து வச்சிருப்பாரு. வெறும் டீத்தண்ணி. எனக்கு ருசி தெரியாதா?"

"எப்பலேருந்து?"

"பொங்கல்லேருந்தே."

"பொங்கலுக்கப்பறம் நான் இந்த வீட்டுப் பக்கம் வந்தேனா?"

அவன் காகிதக் கப்பைக் கை மாற்றிப் பிடித்தான்.

"வந்தேனாண்ணே? ஒரு பாட்டில் கொண்டாந்தேனா? காலைலேருந்து என் தலமேல, என் தலமேலன்னு ஓதிட்டே இருந்தியே. தெரிஞ்சிக்கிட்டே ஓதுன. நான் ஊத்துனா நான் கெடுத்தேன். நீ வச்சா அது டயரு!"

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? என்னிக்காவது ஒரு நாளு இவரு மறுபடியும் லோங்காங்ல விழுவாரு. அதுக்குப் பழி போட ஒனக்கு ஒரு ஆளு வேணும். நான் இன்னிக்கு நானாவே வந்து மாட்டுனேன்."

"நான் யாருகிட்ட சொல்றது?" அவன் இப்போது உண்மையாகவே கத்தினான். "சொன்னா மொதல்ல என் பொனெட்டத் தெறக்கச் சொல்லுவாங்க. கோயில் செயலாளருலா நானு! நீ பேசுற. நீ போயிட்ட. இவர லோங்காங்லேருந்து தூக்குனது யாரு? ஆஸ்பத்திரில இவரு மூத்திரத்த அள்ளுனது யாரு? நீ தெங்கேராவுல உக்காந்து கிளாசு தொடச்சிட்டிருந்த!"

அது பட்டது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"கோயில்ல வருஷா வருஷம் முனிக்கு ஸ்டவுட் பீரு ஒடச்சு ஊத்துறது நாந்தான்" என்றார் கந்தசாமி திடீரென்று. யாரிடமும் இல்லை, பொதுவாக. "ஊத்துறப்ப கை நடுங்கும். அந்த வாசன வேற. கயிறு கட்டுனவன்கிட்ட ஏண்டா பாட்டிலக் குடுக்குறீங்கன்னு ஒருத்தன் கேக்கல."

"அதுக்காக?" என்றாள் மலர்க்கொடி.

"அதுக்காக இல்ல. சொல்றேன்."

"போன் பண்ணப்ப ஏன்ப்பா கூட்டிட்டு வான்னீங்க?"

அவர் காலி கிளாசின் தண்டை விரலால் தொட்டார்.

"கார் பின்னாடி குனிஞ்சு நின்னு குடிக்கிறேன்மா. திருடன் மாதிரி. எவனாவது வர்றானான்னு பாத்துக்கிட்டே. ஒரு நாளாவது உக்காந்து, சோத்தோட, கண்ணாடி கிளாசுல குடிக்கணும்னு இருந்திச்சு. நீ மேசைல வைப்பேன்னு சொன்ன. அதான்."

மலர்க்கொடி அவரையே பார்த்தாள். போன வாரம் அவள் வைத்திருந்த சந்தோஷம் எது என்று இப்போது தெரிந்தது. அப்பா தன்னைக் கூப்பிட்டார் என்று நினைத்திருந்தாள். தன் வேலையை, தன் கூட்டாளிகளை, தன்னை.

"அப்ப நீங்க கூப்புட்டது என்னய இல்ல. பாட்டில."

அவர் கண் காலி கிளாசிலேயே இருந்தது.

"அண்ணனுக்கு ஒரு பொனெட்டு. ஒங்களுக்கு நானு."

தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "தினேஷு, கெளம்பலாம். சியூ லிங், ஜோம்."

"யாரும் போகக்கூடாது."

வாசற்படியில் பெரியநாயகி நின்றாள். ஃபிரிஜ் மேல் சாவி என்று சொன்னபோதே வந்து நின்றுவிட்டாள் போலிருக்கிறது. கையில் இறாலின் மீசை வெட்டும் கத்தரிக்கோல்.

"வந்தவங்க பாதிச் சோத்துல எந்திரிக்கக்கூடாது. உக்காருங்கப்பா. நீயும் உக்காரும்மா."

சியூ லிங்குக்கு முழுதும் புரியவில்லை. ஆனாலும் உடனே உட்கார்ந்தாள்.

பெரியநாயகி புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"கைய நீட்டுங்க."

"நாயகி..."

"நீட்டுங்கன்னேன்."

அவர் நீட்டினார்.

"ம்மா!" கவிநேசன் ஓடிவந்தான். "கயித்தக் கோயில்லதான்ம்மா அவுக்கணும். பூசாரி கையால. வெள்ளிக்கிழம முடிஞ்சு..."

"கட்டுறப்ப கோயில்ல கட்டுனீங்க. அவுத்தது ஒன் கார் பின்னாடி. நான் வெறும் நூலத்தான் வெட்டுறேன்."

கத்தரித்தாள். கயிறு இறுகியிருந்தது, இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. அது விழுந்த இடம் சம்பல் கிண்ணத்தின் ஓரம். மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"இதப் பாத்துட்டுதான் நான் தூங்கப் போவேன்" என்றாள். "ராத்திரி முழிச்சா மொதல்ல ஒங்க கையத் தொட்டுப் பாப்பேன். கயிறு இருக்கும். திரும்பிப் படுத்துக்குவேன். நல்லா ஏமாத்துனீங்க."

அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே போனாள். ஃபிரிஜ் மேலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்து, செருப்புப் போடாமல் ரோட்டில் இறங்கினாள். தார் கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் பார்க்கப் பார்க்க மைவியின் பொனெட்டைத் திறந்தாள். திருவிழாவுக்கு வாங்கிய பொன்னாடை ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. அதற்கு அடியிலிருந்து விஸ்கி பாட்டிலை எடுத்தாள். பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நடு ரோட்டில் நடந்து வந்து, ஒயின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள்.

பாதி விஸ்கி, பாதி டீத்தண்ணி. வெளிச்சத்தில் கலங்கலாகத் தெரிந்தது.

"இனிமே இந்த வீட்ல எவன் குடிச்சாலும் இந்த மேசைல உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துக் குடிக்கணும். காரு பின்னாடி இல்ல, டயரு கியரு இல்ல." தம்பி பக்கம் திரும்பினாள். "ஒனக்கும்தான்டா."

வீரப்பன் மாமா காகிதக் கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீயும் ஒண்ணும் யோக்கியம் இல்ல" என்றாள் மகளிடம். "அப்பன் கத தெரியும்ல ஒனக்கு? தெரிஞ்சும் இத இந்த வீட்டுக்குக் கொண்டாந்த."

"தெரியும்மா."

"அப்பறம்?"

"என் மொற வந்துச்சும்மா. எல்லார் வீட்லயும் சாப்ட்டேன். எனக்கும் ஒரு வீடு இருக்குன்னு காட்டணும்னு இருந்திச்சு."

பெரியநாயகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தாள். தன் கையாலேயே ஒயின் பாட்டிலை எடுத்து, புருஷனின் கிளாசில் ஊற்றினாள். விளிம்புவரை. மூக்குக்கு இடமே வைக்கவில்லை.

"ஆசையா கேட்டீங்கல்ல. குடிங்க. நான் பாத்துட்டு இருக்கேன்."

கந்தசாமி கையை நீட்டினார். கிளாசைப் பிடித்தார். தூக்கினார். கிளாசின் அடி தட்டில் பட்டுக் கிணுகிணுத்தது. சிவப்பு வழிந்து சோற்றில் இறங்கியது. அவர் பெரியநாயகியின் முகத்தைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. கிளாசைக் கீழே வைத்தார். கையை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது ரோட்டில் ஹார்ன் கேட்டது.

வெள்ளை வேன். கோயில் தலைவர் மணியம் ஓட்டும் இடத்திலிருந்து தலையை நீட்டிக் கையசைத்தார். பின் இருக்கையிலிருந்து சுருட்டிய பேனர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கவி! பேனர் வந்திருச்சுடா! அப்பாவுக்கு மொதல்ல காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்!"

இறங்கி, பாதியை விரித்துத் தூக்கிக் காட்டினார். கந்தசாமியின் முகம், ஓர் ஆள் உயரத்துக்கு. மேலே கொட்டை எழுத்தில் 'சொல் தவறாத மனிதர்' என்று இருந்தது.

கவிநேசன் பாய்ந்து விஸ்கி பாட்டிலைப் பிடித்தான்.

"வை" என்றாள் பெரியநாயகி. கத்தரிக்கோல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "மேசைல எவனும் கை வைக்காத. எது எது எங்க இருக்கோ அது அங்கயே இருக்கட்டும்."

"ம்மா, அவரு உள்ள வந்தாருன்னா..."

"வரட்டும்."

"கேட்டத் தெறங்கப்பா!" என்று வெளியிலிருந்து கூப்பிட்டார் மணியம். "என்னா கந்தசாமிண்ணே, விருந்தா? என்னய விட்டுட்டா?"

கந்தசாமி கிளாசிலிருந்து கையை எடுத்தார். மேசையைப் பிடித்து எழுந்தார். சட்டைக் கையை இறக்கி அந்த வெள்ளைக் கோட்டை மறைக்கப் போனார். பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

"ப்பா, வேணாம்ப்பா" என்றான் கவிநேசன். சின்ன வயதில் அடிக்குப் பயந்து பேசும் குரல் அது. மலர்க்கொடி அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "வெள்ளிக்கிழம முடியட்டும். அப்பறம் என்னா வேணா சொல்லுங்க."

அவர் நடந்தார். ஒவ்வொரு அடியும் டிராக்டரிலிருந்து இறங்குகிறவன் மாதிரி நிதானமாக இருந்தது. கேட்டின் கொண்டியில் கை வைத்தார். பேனரிலிருந்த கந்தசாமி கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போவதற்காகத் தோளில் மாட்டிய பையை மலர்க்கொடி கழற்றித் தரையில் வைத்தாள். காலியாக இருந்த ஒரு நாற்காலியை, வரப்போகிறவருக்காக, மேசையை விட்டுக் கொஞ்சம் இழுத்துப் போட்டாள்.

"உள்ள வாங்க மணியம்" என்றார் அப்பா. "மொதல்ல உக்காருங்க."